மாமரக் கிளையில் வானம்பாடி

அன்புள்ள சண்முகம்,

உன் பேத்தி காதுகுத்துக்கு வராத கோபம் இன்னும் ஆறியிருக்காது. ஆற வேண்டாம், திட்டுவதற்கு நேரில் வைத்துக்கொள். பிரான்சில், லீல் நகரில், மகன் வீட்டுக்கு வந்து ஆறு வாரமாகிறது. முழங்கால் பரவாயில்லை. ரொட்டிதான் தொண்டையில் இறங்க மறுக்கிறது. நலம் விசாரிப்பு முடிந்தது. நான் வானம்பாடியைப் பார்த்துவிட்டேன்!

கல்லூரி மலரில் நீ எழுதிய 'மாமரக் கிளையில் வானம்பாடி'யை மறந்திருக்க மாட்டாய். "அது கிளையில் உட்காருமா தம்பி?" என்று சோமு ஐயா கேட்க, நீ கூரையைப் பார்த்தாய். தீர்ப்பு வந்துவிட்டது. அது தரையில் கூடு கட்டி, தரையில் நடந்து, பாட்டு வந்தால் நேரே ஆகாயத்துக்கு ஏறுகிற ஜீவன். மாமரத்தோடு அதற்கு ஒரு பேச்சுவார்த்தையும் இல்லை.

பார்த்த இடம்தான் விசித்திரம். சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மகன் நூவ் ஷாப்பெல் என்ற ஊருக்கு அழைத்துப்போனான். முதல் உலகப்போரில், 1915 மார்ச்சில் அங்கே தாக்குதலில் இறங்கிய பிரிட்டிஷ் படையில் பாதிப்பேர் இந்தியர்கள். மேற்குப் போர்முனையில் மாண்டு, புதைத்த இடம்கூடத் தெரியாமல் போன 4,700க்கும் மேற்பட்ட நம்மவர் பெயர்களை ஒரு வட்டச் சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். நடுவே தாமரை வைத்த தூண், இருபுறமும் கல்புலிகள். தூணில் ஆங்கிலம், அரபி, இந்தி, குர்முகி எழுத்துகள் இருக்கின்றன. தமிழைத் தேடினேன், காணவில்லை. வழக்கம்போல் கோபப்படத் தொடங்கும்போது தலைக்கு மேலே அந்தச் சத்தம். மூச்சே விடாமல், நம் பஜனை மடத்து ஜால்ராவை யாரோ வேகமாக ஓட்டியதுபோல. கழுத்து வலிக்கத் தேடினால் மிளகளவு ஒரு புள்ளி. அவ்வளவுதான் உன் வானம்பாடி.

மறுவாரம் தியெப்வால் போர் நினைவுச்சின்னம். 72,000க்கும் மேற்பட்ட பெயர்கள். சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் செத்தார்கள். நம் தாலுகாவில் எத்தனை ஊரைக் காலிசெய்தால் அந்தக் கணக்கு வரும் என்று நினைத்துப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன். பக்கத்தில் ஒரு பெண் ஒரு பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நானோ கண்ணை மூடிப் பறவைச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். மகன் நான் பிரார்த்திப்பதாக நினைத்துக்கொண்டான். வெட்கமாகப் போய்விட்டது, சண்முகம். இத்தனை பிணம் விழுந்த மண்ணில் எனக்கு ஒரு குருவி கேட்கிறது.

ஆனால் அன்று பதுங்குகுழியில் கிடந்தவர்களுக்கும் அது கேட்டிருக்கிறது. பீரங்கிச் சத்தத்தின் ஊடே வானம்பாடி பாடியதைப் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். குண்டுகள் மரங்களையெல்லாம் தின்றுவிட்டன. மரமே வேண்டாத பறவைக்கு அதனால் என்ன? அதன் பாட்டும் "இது என் நிலம்" என்று பக்கத்து ஆணுக்கு விடுக்கிற எச்சரிக்கைதான். எல்லைத் தகராறு. பெரும்பாலும் பாட்டோடு முடிந்துவிடுகிறது, அதுதான் வித்தியாசம்.

என்னை இப்போது அரிப்பது வேறு. குண்டு விரட்டாத பறவையைக் கோதுமை விரட்டுகிறது. குளிருக்கு முன்பே விதைத்துவிடுவதால், கூடு கட்டும் வசந்தத்துக்குள் பயிர் உயர்ந்து அடைத்துக்கொள்கிறதாம். இந்தப் பக்கத்து நாடுகளில் அதன் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. படித்ததிலிருந்து நம் கரிசல் நினைப்புதான். அங்கேயும் இதன் இனத்தார் உண்டு. நாம்தான் கவிதையிலேயே பார்த்துத் திருப்தியடைந்துவிட்டோம். எட்டயபுரம் சாலையில் என் அப்பா கம்பு போட்ட காட்டில் மனைக்கல் நட்டிருப்பதாகப் போன மாதம் போனில் சொன்னாயே, மேற்கே தரிசு கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா?

ஒரு நாள் விடியற்காலையில் அங்கே போய் நின்று பார். முருகையாவைக் கூட்டிப் போகாதே, பேசியே கெடுத்துவிடுவான். ஏதாவது பாடினால் அன்றைக்கே எழுது. மாமரத்தை மட்டும் அண்ணாந்து பார்க்காதே.

உன்
வேலாயுதம்