பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகனுக்கு,

மூளைக்குள் கண்ணாடி இழையால் ஒளியைச் செலுத்தி நரம்புக் கலங்களை இயக்குவது பற்றிய உன் கட்டுரையை வாசித்து முடித்துவிட்டேன். சமன்பாடுகள் வருகிற பக்கங்களை மேலோட்டமாகப் பார்த்தேன். உயிரியல் வருகிற இடங்களில் நின்று வாசித்தேன். நீங்கள் பயன்படுத்துகிற புரதம் கிளமிடோமோனசிலிருந்து வந்தது என்று கண்டதும் இருக்க முடியாமல் எழுந்துவிட்டேன். அந்த அல்காவை, அந்த ஒற்றைக்கலப் பாசியை, உயர்தர வகுப்பில் எத்தனை வருடம் கரும்பலகையில் வரைந்திருப்பேன்! அதன் கண்பொட்டுக்கு எப்போதும் சிவப்புச் சோக்கு.

ஆனால் நீ எழுதியிருந்த இன்னொரு விடயம் மனதை அரிக்கிறது. "என் கைநடுக்கத்துக்கு உன் படிப்பில் மருந்து இருக்கிறதா?" என்று பெரியப்பா கேட்டாராம், அன்று முதல் ஆய்வுகூடத்தில் மனம் ஒட்டவில்லை என்கிறாய். ராசா, அவர் கேட்டதில் பிழையில்லை. அதை வைத்து உன் வேலையை அளக்காதே.

1954 இல் நரீந்தர் கபானியும் ஹொப்கின்சும் என்ற விஞ்ஞானிகள் கண்ணாடி இழைக் கட்டு ஒன்றினூடாகப் படத்தைக் கடத்திக் காட்டினார்கள். கண்ணாடியிலுள்ள மாசுகள்தான் ஒளியை விழுங்குகின்றன, அவற்றை நீக்கினால் ஒளி நெடுந்தூரம் போகும் என்று 1966 இல் சார்ள்ஸ் காவோ சொன்னார். ஜெர்மனியில் பீட்டர் ஹேகமன், அல்கா எப்படி ஒளியை உணர்ந்து நீந்துகிறது என்று ஆராய்ந்தார். இவர்களில் எவரும் பெரியப்பாவின் கையை நினைத்து வேலை செய்யவில்லை. 2005 இல் கலிபோர்னியாவில், ஒளியை உணரும் அந்த அல்காப் புரதத்தை நரம்புக் கலங்களில் புகுத்தி, நீல ஒளியால் அவற்றை இயங்க வைத்தார்கள். நீல ஒளியோ மூளைத் திசுவில் ஒரு மில்லிமீற்றர் போவதற்குள் சிதறி மங்கிவிடும். ஆழத்துக்குக் கொண்டுபோக இழை தேவைப்பட்டது.

அண்மையில் வீட்டுக்கு ஒளியிழை இணைப்பு எடுத்தோம். வந்த பையன் மேற்பூச்சை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நுனியை நேராக வெட்டி இயந்திரத்தில் வைத்தான். சிறு திரையில் இரண்டு நுனிகளும் மெல்ல நெருங்கி, நேராகி, ஒரு மின்பொறியில் ஒட்டிக்கொண்டன. வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் போத்தலுக்குள் இட்டான். தோலில் ஏறினால் எடுப்பது கடினமாம். அந்தக் கண்ணாடியின் தடிப்பு 125 மைக்கிரோமீற்றர். நரம்புக் கலத்தின் உடலோ பத்து, இருபது மைக்கிரோமீற்றர்தான். அத்தகைய இழை உயிருள்ள மூளைக்குள் இறங்கும்போது வழியில் எத்தனை கலங்கள் சிதையும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதனால்தான் நீ நுனியைச் செதுக்குகிற பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. இழையைக் கூராக இழுத்து, உலோகம் பூசி, அயன் கற்றையால் அந்தப் பூச்சில் நுண்ணிய சாளரங்கள் திறக்கிறாய். ஒளியைச் செலுத்தும் கோணத்தை மாற்றினால் வெவ்வேறு சாளரம் ஒளிர்கிறது. இழையை அசைக்காமலே வெவ்வேறு ஆழத்துக் கலங்களைத் தொடலாம். காயம் குறைகிறது, தொடக்கூடிய கலங்கள் கூடுகின்றன. எனக்கு இது பெரிய வேலையாகவே படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவோடு கதை. மருந்து வரும் என்று ஆசை காட்டாதே. அந்தச் சாளரங்களை எப்படித் திறக்கிறாய் என்று விளக்கமாகச் சொல். நாற்பது வருடம் கண்ணில் வில்லையை மாட்டிக்கொண்டு மணிக்கூடு திருத்திய மனிதர். உன்னை விடாமல் கேள்வி கேட்பார். ஆறுதலாகப் பதில் சொல்.

அன்புடன்,
அம்மா