கோடை இடிமழை எச்சரிக்கை தோட்டம்வரை வந்து சேரக் கோரும் மனு

அனுப்புநர்
சத்தியமங்கலம் வட்டார வாழை விவசாயிகள்,
ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
ஈரோடு.

பொருள்: கோடைக்கால இடிமழை, சூறைக்காற்று பற்றிய மூன்று மணி நேர எச்சரிக்கையை ஊர் ஒலிபெருக்கியில் அறிவிக்க ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மாசி முடிந்து பங்குனி பிறந்தாலே எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். மார்ச் முதல் மே வரை பெய்யும் கோடை மழை ஊருக்கெல்லாம் சூட்டைத் தணிக்கிற மழை. தார் விட்ட நேந்திரன் வாழையை வைத்திருப்பவனுக்கு அப்படி இல்லை. பகலெல்லாம் வெயில் கொளுத்திவிட்டு, சாயங்காலம் வடக்கே மலைப்பக்கம் கறுத்தால், மழைக்கு முன்னால் காற்று வந்துவிடும். பத்து மாதப் பாடு இருபது நிமிடத்தில் படுத்துவிடும்.

சென்ற சித்திரையில் இந்த மனுவை எழுதுகிற என் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அன்று காலைச் செய்தியில் ‘ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு’ என்றார்கள். கோடையில் பாதி நாள் இதே வாசகம்தான் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்திருந்தது, நான்கு மணிவரை பாய்ச்சினேன். ஐந்து மணிக்குக் காற்று அடித்தது. ஈர மண் பிடி கொடுக்கவில்லை. மரங்கள் கிழங்கோடு பெயர்ந்து சாய்ந்தன. முட்டுக் கொடுத்திருந்தவை இடுப்பளவில் முறிந்தன. முக்கால் பருவத்துக் காயை வியாபாரி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், மகனுடைய செல்போனில் இரண்டு மணிக்கே எச்சரிக்கை வந்து கிடக்கிறது: அடுத்த மூன்று மணி நேரத்தில் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும் என்று. போன் மாடத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

ஆக, வானிலைக்காரர்களைக் குறை சொல்ல வழியில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். அது மடையில் நின்றவன் காதுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

‘ஓரிரு இடங்கள்’ என்றால் அந்தப் பகுதியில் கால் பங்கு இடங்களுக்கு மேல் மழை இருக்காது என்பது வானிலைத் துறையின் கணக்கு. அந்தக் கால் பங்கில் நம் தோட்டம் இருக்கிறதா என்பதுதான் காலையில் தெரியாது. எச்சரிக்கையின் தீவிரத்தைச் சொல்ல மஞ்சள், ஆரஞ்சு என்று நிறம் காட்டுவதும் மாவட்டம் முழுமைக்குமாகத்தான். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இருக்கிற தாளவாடிக்கும், நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் காவிரிக் கரையில் இருக்கிற கொடுமுடிக்கும் ஒரே நிறம். அதனால்தான் மேகம் திரண்ட பிறகு வருகிற மூன்று மணி நேர எச்சரிக்கை எங்களுக்குப் பெரிது.

மூன்று மணி நேரத்தில் ஆயிரம் மரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் மடையை அடைக்கலாம். வெட்டுக்கு வந்த தாரை இறக்கிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இலை அறுக்கிற பெண்களையும் ஆடு மேய்க்கிற பெரியவர்களையும் நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பலாம். மழை வந்ததும் புளியமரத்தடியில் ஒதுங்குவது எங்கள் ஊர்ப் பழக்கம். மின்னல் நேரத்தில் மிக ஆபத்தான இடங்களில் அதுவும் ஒன்று. மின்னலைச் சொல்ல ‘தாமினி’, பேரிடர் எச்சரிக்கைக்கு ‘டிஎன்-அலர்ட்’ என்று நல்ல செயலிகள் இருக்கின்றன. சரி, ஆடு மேய்க்கிற பாட்டியிடம் இருப்பது பட்டன் போன்; அதில் செயலி எங்கே ஏறும்?

எனவே, ஆரஞ்சு நிறத்திலோ அதற்கு மேலோ மூன்று மணி நேர எச்சரிக்கை வந்ததும், கிராம நிர்வாக அலுவலர் அல்லது ஊராட்சிச் செயலர் மூலம் ஊர் ஒலிபெருக்கியில் அறிவிக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். ஒலிபெருக்கி பெரும்பாலும் கோயிலில் ஏற்கெனவே இருக்கிறது, புதுச் செலவு அதிகம் இராது. ‘காற்று வருகிறது, மடையை அடையுங்கள், மரத்தடியில் நிற்காதீர்கள்’ என்று எங்கள் பேச்சிலேயே சொன்னால் போதும். செவ்வாய், வெள்ளிகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையைப் பால் சொசைட்டிப் பலகையில் ஒட்டினால், முட்டுக் கட்டுவதையும் தண்ணீர் விடுவதையும் முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்வோம். பால் ஊற்ற வராத வீடு எங்கள் ஊரில் குறைவு.

அப்புறம் இன்னொன்று. பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை என்றால் தனி வயலைப் பார்த்து இழப்பீடு தர வழி இருக்கிறது; 72 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னால் போதும். வெறும் காற்றில் சாய்ந்த வாழைக்கு அந்த வழி இல்லை. சூறைக்காற்று பெரும்பாலும் ஒரு பட்டையாக அடித்துவிட்டுப் போகும். என் தோட்டம் தரைமட்டமாகக் கிடக்க, வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு இலைகூடக் கிழிந்திருக்காது. பகுதி முழுமைக்கும் சராசரி பார்த்தால் எங்கள் சேதம் கணக்கிலேயே வராது. மழைமானியும் மழையைத்தான் அளக்கும். வாழையைச் சாய்ப்பதோ காற்று. ஆகவே, சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த உள்வட்டத்துக்கு ஒரு காற்றுவேகமானி வைக்கவும், வாழைக்குக் காற்றுச் சேதத்தையும் தனி வயல் இழப்பீட்டில் சேர்க்கவும் அரசுக்குப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால் கிடைக்கும் பேரிடர் நிவாரணத்துக்கும், விழுந்த மரங்களை நாங்கள் அகற்றுவதற்கு முன்பே வருவாய்த் துறையும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து வந்து பார்த்தால் நல்லது. வெயிலில் இரண்டு வாரம் கிடந்தால் எண்ணுவதற்கு மட்டைதான் மிஞ்சும்.

காப்பீட்டு விஷயம் மேலே போய்த் திரும்பி வர நாளாகும் என்பது தெரியும். ஒலிபெருக்கி அறிவிப்பை மட்டுமாவது பங்குனி பிறப்பதற்குள் தொடங்கிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சத்தியமங்கலம் வட்டார வாழை விவசாயிகள்

(இணைப்பு: விவசாயிகளின் கையொப்பங்கள், சாய்ந்த தோட்டத்தின் படங்கள்)