பெறுநர் யார்? மதுரை மாவட்டச் சங்கச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வணிகர் சங்க, விவசாயிகள் சங்க, ரயில் பயணிகள் சங்க, குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்களுக்கு,

வணக்கம். கலெக்டர் ஆபீஸ் பக்கம் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவன் நான். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பலருக்கு என் கையெழுத்து பழக்கம். டெல்லிக்குப் போகிற மனு என்றால் உங்களில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "மேலே பிரதமர் பேரைப் போடுங்க, கீழே நகல்னு போட்டு எல்லா மந்திரியையும் வரிசையா எழுதிருங்க." எழுதித் தருகிறேன், காசு கொடுக்கிறவர் நீங்கள். ஆனால் மெட்ரோ, எய்ம்ஸ், ஏர்போர்ட் என்று ஆளுக்கு ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் இதைத் தனித்தனியாகச் சொல்லாமல் பொதுவில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கோரிக்கைகளில் பழுதில்லை. பெறுநர்தான் தப்பு.

எந்த வேலை எந்த அமைச்சகத்துக்கு என்பதை டெல்லியில் யாரும் வாய்வார்த்தையாக முடிவு செய்வதில்லை. அரசியல் சட்டத்தின் 77(3) பிரிவின் கீழ், குடியரசுத் தலைவர் பெயரில் 1961ல் போட்ட அலுவல் ஒதுக்கீட்டு விதிகள் இருக்கின்றன. அதன் முதல் அட்டவணையில் அமைச்சகங்களும் துறைகளும், இரண்டாவது அட்டவணையில் ஒவ்வொரு துறையும் பார்க்க வேண்டிய வேலைகளும் இருக்கும். அமைச்சகம் பிரிந்தாலும் சேர்ந்தாலும் இந்த அட்டவணையைத்தான் திருத்துவார்கள். கேபினட் செயலகத்தின் இணையதளத்தில் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் இறக்கித் தரச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டியது அதில் ரெண்டு மூணு பக்கம்தான்.

இது எவ்வளவு முக்கியம் என்று மேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரிட்டாபட்டி மலையை எடுத்துக்கொள்ளுங்கள். சமணர் படுகை, தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரை எல்லாம் இருக்கிற இடம். 2022 நவம்பரில் தமிழக அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அதற்கான பல்லுயிர்ச் சட்டம் டெல்லியில் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உரியது. ஆனால் 2024 நவம்பரில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது சுரங்க அமைச்சகத்திலிருந்து. 2023ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் மாதிரியான முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டிருந்தது.

அந்த வாரங்களில் என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் சுற்றுச்சூழல் அமைச்சருக்கு எழுதச் சொன்னார்கள். மரம், பறவை, சுனை என்று நியாயமான காரணங்கள்தான். ஆனால் சுற்றுச்சூழல் அனுமதி என்பது ஏலத்துக்கு அப்புறம், குத்தகைக்காரர் கேட்கும்போது வருகிற படி. ஏலத்தையே ரத்து செய்யக்கூடிய மேசை வேறு. நரசிங்கம்பட்டியிலிருந்து 2025 ஜனவரி 7ஆம் தேதி கிளம்பிய கூட்டம் தல்லாகுளத்தை நிறைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்பே சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டாயிற்று. ஆனாலும் கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் டெல்லிக்குப் போய் உட்கார்ந்தது நிலக்கரி, சுரங்கத் துறை அமைச்சர் கிஷன் ரெட்டி முன்னால்தான். அது ஜனவரி 22. மறுநாளே ரத்து அறிவிப்பு வந்தது. மனுவால்தான் நடந்தது என்று சொல்ல மாட்டேன், கூட்டம் இல்லாமல் எந்த அமைச்சரும் நாற்காலி போட்டிருக்க மாட்டார். ஆனால் அந்தக் கூட்டத்தின் பலம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது.

அட்டவணை ஒரே இடத்தில் நிற்கவும் நிற்காது. 2011 ஜூலையில் காளையைக் காட்சிக்குப் பயன்படுத்தக்கூடாத விலங்குகளின் பட்டியலில் சேர்த்தது அப்போதைய சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சகம். அவனியாபுரமும் பாலமேடும் அலங்காநல்லூரும் பல வருஷம் அந்த அமைச்சகத்தை நோக்கித்தான் குரல் கொடுத்தன. இன்றைக்கு விலங்கு வதைத் தடுப்பும் விலங்குகள் நல வாரியமும் இருப்பது மீன்வளம், கால்நடை, பால்வள அமைச்சகத்தில். அந்த அமைச்சகமே 2019ல்தான் தனியாக உருவானது. பழைய மனுவில் தேதியை மட்டும் மாற்றிக் கொண்டுவருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 'மனிதவள மேம்பாட்டு அமைச்சர்' என்று தட்டச்சு செய்த மனுவோடு இன்னமும் ஆள் வருகிறார்கள். அது கல்வி அமைச்சகம் என்று 2020லேயே பெயர் மாறிவிட்டது.

மெட்ரோவுக்கு வருகிறேன். பெயரில் ரயில் இருப்பதால் ரயில்வே அமைச்சருக்கு எழுதச் சொல்கிறீர்கள். மெட்ரோ அவர் கையில் இல்லை, வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகத்தில் இருக்கிறது. 2025 நவம்பரில் திருமங்கலம் – ஒத்தக்கடை திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பியதும் அந்த அமைச்சகம்தான். 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்றார்கள். கையில் வைத்திருந்தது 2011 கணக்கெடுப்பு. அந்தக் கணக்கெடுப்பை நடத்துகிற தலைமைப் பதிவாளர் அலுவலகம் உள்துறை அமைச்சகத்துக்குக் கீழே வருகிறது. 2021ல் எடுக்க வேண்டிய கணக்கைத் தள்ளிப்போட்டது ஒரு அமைச்சகம், பழைய கணக்கைக் காட்டித் திருப்பி அனுப்பியது இன்னொன்று. மனுவில் இதை அப்படியே எழுதலாம், கண்ணீர் வசனத்தைவிட எடுபடும்.

ரயில்வே பற்றி ஒரு கொசுறு. போடி லைன் அகலப்பாதை ஆகி 2022ல் தேனிக்கும் 2023ல் போடிக்கும் ரயில் விட்டார்களே, அதற்கு முன் தண்டவாளத்தைச் சோதித்துச் சான்று தருகிற ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்து ஆள் கிடையாது. அவர் இருப்பது சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தில்! ரயில்வே தன் வேலைக்குத் தானே சான்று கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக 1941லேயே அந்தப் பிரிவை ரயில்வே வாரியத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். பாதுகாப்புக் குறை என்றால் அங்கேயும் ஒரு நகல் போகட்டும்.

ஏர்போர்ட்டும் இதே கதைதான். கொழும்பு விமானம் 2012லேயே வந்துவிட்டது, மற்ற பல ஊர்களுக்கு ஏன் இல்லை என்று கேட்கிறோம். எந்த நாட்டு விமானம் எந்த ஊரில் இறங்கலாம் என்ற ஒப்பந்தம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தில், சுங்கம் நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையில், குடியேற்றச் சோதனையும் துப்பாக்கியோடு வாசலில் நிற்கிற வீரரும் உள்துறையில். 'மதுரை விமான நிலையத்தை மேம்படுத்துக' என்று ஒற்றை வரியில் கேட்டால் மூவரும் மற்ற இருவரைக் கைகாட்டுவார்கள்.

தோப்பூர் எய்ம்ஸுக்கு சுகாதார அமைச்சர் ஒருவருக்கே எழுதிக்கொண்டிருந்தோம். அடிக்கல் 2019 ஜனவரியில். கட்டுமானத்துக்கான ஜப்பான் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 மார்ச்சில். வெளிநாட்டுக் கடனைக் கையாள்வது நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை. இடைப்பட்ட காலத்தில் கேள்வி அங்கே போயிருக்க வேண்டும்.

நிதியமைச்சர் என்றதும் ஞாபகம் வருகிறது. நிர்மலா சீதாராமன் மதுரையில் பிறந்தவர் என்பதால் தெருவிளக்கு வரைக்கும் அவருக்கு எழுதச் சொல்கிற சங்கங்கள் உண்டு. ஊர்ப்பாசம் சரி, ஆனால் அவர் துறையில் இல்லாத மனு உரிய துறைக்கு என்று ஒரு வரி எழுதித் தள்ளப்படும், அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இணை அமைச்சர்கள் விஷயமும் அப்படியே. 'தனிப் பொறுப்பு' என்று அடைப்புக்குறியில் இருந்தால் அவரே அந்த அமைச்சகத்துக்குத் தலை. இல்லையென்றால் மேலே ஒரு கேபினட் அமைச்சர் இருக்கிறார், அவர் பெயர்தான் முதலில் வர வேண்டும்.

துறை சரியாகத் தெரியாதபோது தகவல் உரிமைச் சட்டத்தைப் பிடியுங்கள். பத்து ரூபாய் கட்டணம். தப்பான அலுவலகத்துக்குப் போனாலும் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். நம் சாதா மனுவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வருகிற பதிலில் எந்தப் பிரிவு, எந்த அதிகாரி என்று இருக்கும், அதுதான் உங்கள் அடுத்த மனுவின் பெறுநர்.

எம்.பி.யிடம் போகும்போதும் சால்வையோடு ஒரு கேள்வித்தாளைக் கொண்டுபோங்கள். மக்களவையில் அமைச்சகங்களுக்குக் கிழமை பிரித்திருக்கிறார்கள், குறைந்தது 15 முழு நாள் முன்னால் கேள்வியைக் கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி ஒரு நாளைக்கு 20தான், அதற்குத்தான் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார். மற்றவை எழுத்தில் வரும், அதுவும் நமக்கு ஆவணம்தான். எந்த அமைச்சகம் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அவருடைய உதவியாளருக்கு வேலை மிச்சம்.

மெட்ரோ மனுவோடு இந்த வாரம் வருவதாக மூன்று சங்கங்கள் சொல்லியிருக்கின்றன. மூன்றையும் ஒன்றாக்கிக்கொண்டு வாருங்கள். கையெழுத்துத் தாளும் கோரிக்கையும் தயாராக இருக்கட்டும், பெறுநர் இடத்தை மட்டும் காலியாக விட்டு வையுங்கள். டீ சொல்லிவிட்டு உட்கார்ந்து பேசி நிரப்பிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மனு எழுதுபவன், மதுரை