பெட் ஸ்கேன் அறிக்கையில் டோவில் எண் எங்கே?

நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்போமாவுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கும் பெட்-சிடி மையங்களை நடத்துவோருக்கும்,

வணக்கம். முற்றிய நிலை ஹாட்ஜ்கின் லிம்போமாவில் ஏ.பி.வி.டி. என்ற நான்கு மருந்துக் கீமோ இரண்டு சுற்று முடிந்ததும் எடுக்கும் பெட் ஸ்கேனை வைத்துத்தான் மிச்ச மருந்து முடிவாகிறது. ஸ்கேனில் நோய் ஒளிராவிட்டால் அந்த நான்கில் ஒன்றான ப்ளியோமைசினை விட்டுவிடலாம், நுரையீரலுக்கு நல்லது என்று 2016இல் வெளியான ராத்தல் ஆய்வு காட்டியது. அப்படிப்பட்ட ஸ்கேனுக்கு "முன்பைவிடக் குறைந்துள்ளது" என்று ஒற்றை வரியில் அறிக்கை தந்தால் எப்படி?

எங்களுக்கு வேண்டியது டோவில் எண், அதாவது கட்டி ஸ்கேனில் எவ்வளவு ஒளிர்கிறது என்பதற்கு 1 முதல் 5 வரை தரும் மதிப்பெண். நெஞ்சின் நடுவிலுள்ள பெரிய இரத்தக்குழாயும் கல்லீரலும்தான் அளவுகோல். கட்டியின் ஒளி அந்த இரத்தக்குழாயைத் தாண்டியும் கல்லீரலைத் தாண்டாவிட்டால் 3. ஓரளவு தாண்டினால் 4. வெகுவாகத் தாண்டினாலோ புதிய இடத்தில் நோய் தெரிந்தாலோ 5. கட்டி சிடியில் இன்னும் பெரிதாகத் தெரிகிறதே என்று பதற வேண்டாம். ஒளிராமல் கிடப்பது பெரும்பாலும் தழும்புத் திசுதான்.

3 வரை ஸ்கேன் தெளிவு, 4 என்றால் நோய் மிச்சம் என்று கணக்கு; அதனால் 3க்கும் 4க்கும் இடையில்தான் வம்பு. எஃப்.டி.ஜி. எனும் கதிரியக்கச் சர்க்கரை ஊசி போட்டு 60 நிமிடத்தில் படமெடுக்க வேண்டும், 10 நிமிடம் முன்பின் போகலாம். கூட்டம் என்று 90 நிமிடம் காக்க வைத்தால் கட்டியின் ஒளி ஏறும், கல்லீரலின் ஒளி இறங்கும். நோய் அப்படியே இருக்க 3 என்பது 4 ஆகிவிடும்! முதல் ஸ்கேன் எடுத்த அதே கருவியில், அதே இடைவெளியில் எடுங்கள். சர்க்கரை கூடியிருக்கிறது என்று இன்சுலின் போட்டுவிட்டு உடனே எஃப்.டி.ஜி. ஏற்றாதீர்கள், மருந்து தசைக்குப் போய்விடும். ஊசி மருந்து கையில் கசிந்திருந்தால் அக்குள் நெறிக்கட்டி வீணாக ஒளிரும், மற்ற இடங்களின் அளவும் குறைந்து காட்டும். குளிரும் அறையில் காக்க வைத்தால் கழுத்துப் பழுப்புக் கொழுப்பு ஒளிரும். ஒரு போர்வை போதும்.

மருத்துவர்களே, உங்கள் பங்கும் உண்டு. கடைசிக் கீமோவுக்குப் பின் குறைந்தது பத்து நாளாவது விடுங்கள். அதற்காக அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். வெள்ளணு ஏற்றும் ஜி-சி.எஸ்.எஃப். போட்ட தேதியைப் பரிந்துரைச் சீட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் எலும்பு மஜ்ஜையும் மண்ணீரலும் ஒரே சீராக ஒளிர்வதை நோய் என்று படிக்க இடமுண்டு.

லிம்போமாவின் இன்னொரு வகையான டிஃப்யூஸ் லார்ஜ் பி செல்லுக்கு இதே கணக்கைப் போடாதீர்கள். அங்கே இடைக்கால ஸ்கேன் ஒளிர்ந்தாலும், பயாப்ஸி இல்லாமல் அதை மட்டும் நம்பி மருந்தை மாற்றக் கூடாது.

அறிக்கையின் முதல் வரியில் மூன்று விவரம் கேட்கிறோம்: டோவில் எண், ஊசிக்கும் படத்துக்கும் இடையே எத்தனை நிமிடம், கடைசிக் கீமோவிலிருந்து எத்தனை நாள்.