பீடோர் நண்பனுக்கு: அணைய மறுக்கும் கணினி பற்றி

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். சாயங்காலமானால் இடியும் மழையும்தான். பால்மரம் நின்ற நிரையெல்லாம் எப்போதோ செம்பனையாகிவிட்டது. இப்போது அந்தச் செம்பனையையும் மறுநடவுக்குச் சாய்க்கிறார்கள்.

உன் கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். 'ஷட்டிங் டவுன்' என்று காட்டிவிட்டுப் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, கடைக்காரர் ஃபார்மட் பண்ணச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். அவசரப்பட்டு ஃபார்மட் பண்ணாதே. கோளாறு டிரைவரில் (கணினியின் உறுப்புகளை விண்டோஸோடு இணைத்து இயக்கும் சிறு நிரல்) என்றால், அதே டிரைவரைத் திரும்பப் போட்டதும் கோளாறும் திரும்பி வரும். காசும் போகும், பேரப்பிள்ளைகள் படங்களும் போகும்.

ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்துப் பார். அது ஒழுங்காக நடந்து, ஷட் டவுன் மட்டும் தொங்கினால், முதல் சந்தேகம் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' மேல். விண்டோஸ் 8 காலத்தில், 2012இல் வந்த ஏற்பாடு அது. நாம் ஷட் டவுன் கொடுத்தாலும், திறந்திருக்கும் நிரல்களை மட்டும் மூடிவிட்டு, விண்டோஸின் உள்பகுதியையும் டிரைவர்களையும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதி வைத்துவிடும். காலையில் சீக்கிரம் எழுவது அதனால்தான். ஏதாவது ஒரு டிரைவர் அந்த உறக்கத்துக்கு ஒத்துழைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ரீஸ்டார்ட்டில் இந்த வேலை இல்லை.

அதை நிறுத்தும் வழி: கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அதில் இடது பக்கம் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ'. மேலே உள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ்' வரியைச் சொடுக்கினால்தான் கீழே உள்ள கட்டங்கள் திறக்கும். 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' டிக்கை எடுத்துவிட்டு சேவ் பண்ணு. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) இருந்தால் காலையில் சில விநாடிதான் கூடும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். எதையும் மாற்றாமல் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடு. அந்த ஒருமுறை முழுதாக அணையும்.

அப்படியும் தொங்கினால், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஈவென்ட் வியூவரை (விண்டோஸ் நடந்ததையெல்லாம் எண்ணிட்டுக் குறித்து வைக்கும் பதிவேடு) திற, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம். 1074 என்ற எண் நீ ஷட் டவுன் கொடுத்த நேரம். 6006 என்பது பதிவுச் சேவையே நின்ற நேரம், அதாவது அணைப்பு ஏறக்குறைய கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. 1074 இருந்து 6006 இல்லையென்றால், ஏதோ ஒரு சேவையோ (திரைக்குப் பின்னால் ஓடும் நிரல்) திறந்த நிரலோ பிடித்து வைத்திருக்கிறது. 6006உம் இருந்தால் டிரைவர் அல்லது பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) பக்கம் பார்க்கலாம். திரை இருண்ட பிறகும் விசிறி ஓடினாலும் அதே பக்கம்தான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திய பிறகே இந்தக் கணக்கு சரிவரும். அது ஓடிக்கொண்டிருந்தால் 6006 பதிவாகாது. மறுநாள் தெரியும் 41, 6008 இரண்டையும் கண்டு மிரளாதே. நீ பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்ததன் விளைவு அவை, காரணம் அல்ல.

சேவைதான் என்றால் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியைத் திறந்து, சர்வீசஸ் பக்கத்தில் 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' டிக் பண்ணு. அதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் நிறுத்தினால் வேறு தொல்லை வரும். மிச்சமிருப்பதில் பாதியை நிறுத்தி, ரீஸ்டார்ட் பண்ணி, பிறகு அணைத்துப் பார். சரியானால் குற்றவாளி அந்தப் பாதியில், இல்லையென்றால் மறுபாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போ. பிரிண்டர் மென்பொருள், இரண்டாவதாகப் போட்ட ஆன்டிவைரஸ், யூபிஎஸ் (மின்தடைக்கான பேட்டரிப் பெட்டி) மென்பொருள் மூன்றையும் முதலில் கவனி. பிரிண்டர், வெப்கேம், வெளி ஹார்டு டிஸ்க் எல்லாவற்றின் யூஎஸ்பியையும் பிடுங்கிவிட்டு ஒருமுறை அணைத்துப் பார்ப்பது இதையெல்லாம்விடச் சுலபம்.

டிரைவர் பக்கம் என்றால், மதர்போர்டு (கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகை) இன்டெல் வகையாக இருந்தால் 'மேனேஜ்மென்ட் எஞ்சின் இன்டர்ஃபேஸ்' டிரைவரைப் பார். திரை இருண்டும் மின்சாரம் அணையாமல் இருப்பதற்குப் பெயர்போனது அது. டிரைவரைப் பலகைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்தே எடு. 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வருவதை வீட்டுக்குள் விடாதே.

ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) சேவைகள் மூட விண்டோஸ் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி யாராவது வீடியோ அனுப்புவார்கள். இப்போது அங்கே 5000 என்று இருக்கும், அதாவது 5 விநாடி. அதைத் தொடாதே. உன் சங்கக் கணக்கு மென்பொருள் எழுதி முடிப்பதற்குள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதற்குச் சமம். கோளாறும் தீராது.

பட்டனை அழுத்தும் முன் டிஸ்க் விளக்கைப் பார். மினுக்கினால் வேலை நடக்கிறது. அப்டேட் நாளாக இருந்தால் அரை மணி நேரம்கூட விடு. ஹார்டு டிஸ்க் பழையதென்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற, டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருளைப் போட்டு, பழுதான இடங்களைக் காட்டும் 05, சி5, சி6 மூன்று வரிகளையும் பார். சி5, சி6 பூஜ்யமாக இல்லாவிட்டால் மற்ற எதையும் தொடாமல், முதலில் படங்களைப் பிரதி எடு. எழுத முடியாத டிஸ்க்கும் இதே மாதிரி அணையவிடாமல் நிறுத்தி வைக்கும்.

விண்டோஸ் 10 என்றால், 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதையும் யோசித்துக்கொள்.

ரீஸ்டார்ட் எப்படி நடக்கிறது, 6006 இருக்கிறதா, பலகையின் மாடல் என்ன, இந்த மூன்றையும் எழுது. கடைக்கு எடுத்துப் போவதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு சொல்கிறேன். தீபாவளிக்கு இந்தப் பக்கம் வருகிறாயா என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்