செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, தாய்மாரே, வணக்கம்.

நிர்வாக சபை ஒன்பது முறை கூடியது. மூன்று முறை போதிய வரவின்றிக் கலைந்தது. தைப்பொங்கல் விளையாட்டுப் போட்டி நடந்தது. முன்பள்ளி வேலி திருத்தப்பட்டது. மரண உதவி நிதியிலிருந்து ஆறு குடும்பங்களுக்குப் பணம் வழங்கினோம்.

அந்த ஆறு பேரில் மூவர் ஐம்பது வயதைக் காணாதவர்கள். மூவரையும் குடி கொண்டுபோனது என்பது இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். 'ஏதோ வருத்தம்' என்றுதான் சொல்லிக்கொண்டோம். மாசி மாதத்தில் அப்படி ஒரு செத்தவீட்டின் செலவுப் பட்டியலைச் சரிபார்த்தேன். பந்தல், கதிரை, தேயிலை, சீனி என்ற வரிசையின் அடியில் 'இதர செலவு' என்று ஒரு தொகை. விசாரித்தால், இரவு விழித்திருந்தவர்களுக்கு வாங்கிய சாராயம். குடித்து இறந்தவரின் பெட்டிக்குப் பக்கத்தில், அவருடைய மரண உதவிப் பணத்தில்! கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினேன். அதற்காக இன்றுவரை என்னோடு பேசாதவர்கள் உண்டு. இனியும் கையெழுத்திட மாட்டேன்.

அடுத்த வாரம் ஓர் அங்கத்தவர் இரவில் என் படலையடியில் வந்து நின்றார். "ஐயா, அடுத்த பந்தல் எனக்குத்தான். எங்கே போனால் விடலாம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. "நாளையிலிருந்து தொடாதீர்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அது பெரும் பிழை. மூன்றாம் நாள் கை நடுங்கி, சுவரில் இல்லாத பூச்சிகளைத் தட்டிக்கொண்டிருந்தார். வைத்தியசாலையில் மருத்துவர் என்னைக் கடிந்துகொண்டார். நெடுங்காலம் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். முதல் நாள்களை மருத்துவரின் கண்காணிப்பில்தான் கடக்க வேண்டும். குடியை விட முயல்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் குழுவெல்லாம் அதற்குப் பிறகு. தயவுசெய்து எல்லோரும் இதை மனதில் வையுங்கள்.

அவர் தேறியதும் குழு தேடினோம். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியோடு போராடிய ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். கட்டணம் இல்லை, குடியை விட விருப்பம் இருந்தால் போதும். வெளியாரையும் அனுமதிக்கும் அவர்களுடைய கூட்டம் ஒன்றுக்கு, இரவு ரயிலில் இருவரும் கொழும்பு போனோம். அன்பாக வரவேற்றார்கள். ஆனால் கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. "அவர்கள் அழுதது விளங்கியது, ஏன் அழுதார்கள் என்று விளங்கவில்லை" என்றார் திரும்பும்போது. பிறகு தமிழ்நாட்டுக் குழுவொன்றின் இணையவழிக் கூட்டம் கிடைத்தது. மொழிக் குறை தீர்ந்தது. ஆனால் கூட்டம் இரவு எட்டு மணிக்கு, அந்நேரம் அவர் கடலில். இன்னொருவர் வந்து சேர்ந்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் வரும் 'மேலான சக்தி', கடவுள் போன்ற ஒன்றை நம்புவது, அவருக்கு ஒட்டவில்லை. 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி என்ற இன்னொரு குழு சிந்தனைப் பயிற்சியை வைத்து நடப்பது. அதுதான் அவருக்குப் பிடித்தது. ஒரு குழு ஒத்துவராவிட்டால் மனிதர் தோற்றுவிட்டார் என்று அர்த்தமில்லை, இன்னொன்றைப் பார்க்க வேண்டும் என்பதை இந்த அலைச்சலில்தான் கற்றேன்.

கடைசியில் அவர்களே வாசிகசாலையின் பின்னறையைக் கேட்டார்கள். சனிக்கிழமைகளில் மாலை நான்கு மணி, அதோடு ஒவ்வொரு பூரணையும். பூரணை விடுமுறையான போயா நாளில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும். நிலவு எறிக்கும் இரவில் வெளிச்சம் வைத்து மீன் பிடிக்கும் தொழில் நடக்காது. சும்மா இருப்பவனைத் தேடிக் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் வரும். அந்த நாளுக்குத்தான் ஓர் இடம் தேவைப்பட்டது.

இதற்கு வந்த இடைஞ்சல்களை எழுதாமல் விட முடியாது. சங்கத்தின் பெயரில் பதாகை கட்ட வேண்டும் என்றார் ஒருவர். படம் எடுத்து முகநூலில் போடலாம் என்றார் மற்றவர். யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க யன்னலடியில் நின்றவரும் உண்டு. நானும் கூட்டத்துக்குள் போவதில்லை. பெயர்களை இந்த அறிக்கையில் எழுதவில்லை, எண்ணிக்கையையும் எழுதவில்லை. சின்ன ஊரில் எண்ணிக்கையைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவர்கள் மின்கட்டணத்துக்கென்று ஒரு பால்மா தகரத்தில் தாங்களாகவே காசு போடுகிறார்கள். நமது 112 அங்கத்தவர்களில் 41 பேர் சந்தா செலுத்தவில்லை. சிலர் இரண்டு ஆண்டுகளாக. வீட்டுக்கு வந்தால் 'பிறகு' என்கிறார்கள். மரண உதவியை மட்டும் யாரும் பிறகு கேட்பதில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. கூரைத் திருத்தமும் மரண உதவியும் காரணம். தலைவர், பொருளாளர், கணக்காய்வாளர், கதிரைகள் தந்துதவிய கோயில் நிர்வாகத்தினர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு குறித்து ஒன்று சொல்ல வேண்டும். குடிப்பவர்களின் குடும்பத்தினருக்காக 1951இல் தொடங்கிய அல்-அனன் போன்ற ஒரு கூட்டத்தை இங்குள்ள மனைவிமார் சிலர் கேட்கிறார்கள். அதை ஒழுங்குசெய்ய ஒரு பெண் முன்வர வேண்டும். மாரியில் கடல் கொந்தளித்துத் தொழில் நிற்கும் மாதங்களுக்கு முன் தொடங்கினால் நல்லது. எனக்கு முழங்கால் வருத்தம். எல்லாச் சனிக்கிழமையும் வர முடிவதில்லை. மூன்றரை மணிக்குப் பின்னறையைத் திறந்துவிட ஒருவர் வேண்டும். உள்ளே இருக்கத் தேவையில்லை; திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். சாவி என்னிடம் இருக்கிறது.

செயலாளர்,
திருகோணமலை.