செல்விக்கு, கடை விஷயமாக

அன்புள்ள செல்விக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, சின்னவன் மூவரும் நலந்தானே? போன் போட்டால் இரண்டு நிமிஷத்தில் "கடையில் ஆள் நிக்குப்பா" என்று வைத்துவிடுகிறாய். ஆள் நின்றால் எனக்குச் சந்தோஷம்தான். கடிதம் என்றால் கடை சாத்தின பிறகும் படிக்கலாம், அதனால் எழுதுகிறேன்.

எதிர்வரிசையில் புதுக் கடை வந்திருக்கிறது என்று சாத்தூர் சித்தப்பா சொன்னார். அதே கடலை மிட்டாய், அதே சேவு, போர்டில் நம்மைவிடப் பெரிய எழுத்தில் கோவில்பட்டி. கிலோவுக்கு 40 ரூபாய் குறைவாம். நீயும் குறைத்துவிட்டாயாம். குறைக்காதே தாயி. அவன் பின்னால் பெரிய கை இருக்கும், ஆறு மாதம் நஷ்டத்தில் விற்பான். நீ ஆறு வாரம் தாங்க மாட்டாய்.

2020 ஏப்ரலில், ஊரடங்குக்கு நடுவில், நம்ம மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நீ போனில் கத்தினது இன்னும் காதில் இருக்கிறது. "இனிமே நம்மளை யாரும் அசைக்க முடியாதுப்பா" என்றாய். உன் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குறியீடு ஊருணி மாதிரி. இந்த வட்டாரத்தில் ஒழுங்காக மிட்டாய் போடுகிற எவனும் பதிந்துகொண்டு குடத்தைக் கொண்டு வரலாம். எங்கோ செய்த சரக்கில் ஊர்ப் பேரை ஒட்டினால் தடுக்க உதவும், சரி. பக்கத்துக் கடையை விட்டுவிட்டு உன் கடைக்கு ஏன் வரணும் என்று கேட்டால் அதில் பதில் கிடையாது. அதற்கு நம்ம பேர்தான் வேண்டும். தாத்தா பேரில் இருக்கிற லேபிளை டிரேட் மார்க்காகப் பதிந்துவிடு. சின்னத் தொழில் என்றால் ஆன்லைனில் 4,500 ரூபாய்தான், பதிவானால் 10 வருஷத்துக்குச் செல்லும். நீ இருக்கிற ஊரில்தானே அந்த ஆபீஸ், கிண்டியில்! மாப்பிள்ளை வேலைக்குப் போகிற வழி.

கடையில் இப்போது எத்தனை ஐட்டம்? போன தடவை வந்தபோது அறுபதுக்கு மேல் எண்ணினேன். எல்லாக் கடையிலும் கிடைக்கிறதை நீயும் வைத்தால் உன் கடையை யார் ஞாபகம் வைப்பார்கள்? மிட்டாய், எள்ளுருண்டை, சேவு போதும். தட்டுப் போட்ட தேதியைப் பெரிய எழுத்தில், பேனாவால், நீயே எழுது. கரிசல் பருப்பு, தேனி வெல்லம் என்று அதற்குக் கீழே எழுது. உடைசலை ஒரு தட்டில் வைத்து, வருகிறவர் வாயில் போடும்வரை விலை பேசாதே. சரக்கு தீர்ந்தால் "வெள்ளிக்கிழமை வாங்க" என்று சொல்லு. தாத்தா அப்படிச் சொல்லி அனுப்பின ஆள் வெள்ளிக்கிழமை இன்னொருத்தரையும் கூட்டி வருவார். ஐப்பசி மழையில் மிட்டாய் நமத்துவிடும், பாக்கெட்டை ஒழுங்காக ஒட்டு. விலையை மட்டும் குறைக்காதே.

பேச்சி மகள் சடங்குக்கு வந்தாயே, அந்த வெயிலில் கழுத்து வரைக்கும் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டே இருந்தாய். பந்தியில் இலைக்குக் குனிந்தபோது அம்மா பார்த்துவிட்டாள். நானும்தான். அவள் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, என்னிடமும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டே இருந்தாள், ரொம்ப நேரம்.

சரி, அது கிடக்கட்டும். மாதம் 80 கிலோ கேட்டவள் போன மாதம் 30 தான் கேட்டாய். ஆனால் சித்தப்பா பார்த்த அன்று அலமாரி நிறைய மிட்டாய் இருந்ததாம், வெளுப்பாக, பளபளவென்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு வயதில், தட்டில் விழுகிற சத்தத்தை வைத்தே பாகு முறிந்துவிட்டதா என்று சொன்ன பிள்ளை நீ. உனக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது என்னைப் பற்றித்தான்.

1998இல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதுக் கடை வந்து நம்மை முடித்துவிட்டது என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். பெரிய மாமாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அந்தக் கடை வந்தது நிஜம். விலையைக் குறைத்தான், நானும் குறைத்தேன். குறைத்த விலைக்கு வெல்லம் கட்டவில்லை. பாகில் சர்க்கரையும் குளுக்கோஸும் கலந்தேன். போன வருஷத்துப் பருப்பு, லேசாகக் காறல் அடிக்கிறது, மலிவாக வந்தது. வாங்கினேன். ராத்திரியில் நானே கிண்டினேன், ஆள்களை அனுப்பிவிட்டு. மிட்டாய் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மாதாமாதம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று இரண்டு கிலோ வாங்குகிற வாத்தியார் ஒருவர் ஒரு துண்டை வாயில் போட்டார். என்னைப் பார்த்தார். காசைக் கொடுத்துவிட்டு, பொட்டலத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு மாதத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வராமல் நின்றுபோனார்கள். புதுக் கடைக்காரன் என்னை ஒன்றும் செய்யவில்லை செல்வி.

கலப்படத்துக்குப் பிறகும் கடன் தீரவில்லை. அம்மா சங்கிலி அப்போதுதான் போனது. கெடு தாண்டிவிட்டது, திருப்ப முடியவில்லை. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தது என்று உங்களுக்குச் சொன்னவள் அவள்தான். என் மானத்துக்காகச் சொன்ன பொய் அது. இத்தனை வருஷமாக நான் அதைத் திருத்தவில்லை.

பஸ் பார்சலில் 20 கிலோ போட்டிருக்கிறேன். நேற்றுப் போட்ட சரக்கு. உடைசல் தனியாக மஞ்சள் பையில் இருக்கிறது. இதற்குப் பணம் அனுப்ப வேண்டாம். சின்னவனுக்கு அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், அதைக் கடையில் விற்றுவிடாதே.

அடகு ரசீதில் கெடு எந்த மாதம் என்று இருக்கிறது? அதை மட்டும் ஒரு வரி எழுது. மாப்பிள்ளையிடம் நான் எதுவும் கேட்க மாட்டேன்.

அப்பா